விழுங்கப் பயந்த எட்டு மாதம்

ஒரு ஆப்பிள் துண்டில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசினேன், நடுவில் சிரித்தேன், சரியாக மெல்லாத துண்டு ஒன்று தவறான வழியில் போய்ப் புரையேறிவிட்டது. முழுசாக அடைக்கவில்லை. இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார், துண்டு வெளியே வந்து விழுந்தது. எல்லாம் சேர்த்து 20 விநாடி இருக்குமா என்பதே சந்தேகம். அதற்கப்புறம் எட்டு மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அன்று ராத்திரி ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன். மென்றாயிற்று, நாக்கு அதைப் பின்னால் தள்ளப் போகிறது, அந்த இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. கதவு பூட்டியிருக்கிற மாதிரி. நாக்கு தானாகவே ரொட்டியை முன்னால் கொண்டுவந்துவிட்டது. மறுபடி மென்றேன், மறுபடி அதே கதை, கடைசியில் டிஷ்யூ பேப்பரில் துப்பினேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். மறுநாள் ஆப்பிளை விட்டேன். அந்த வாரமே இறைச்சி, கொட்டைப் பருப்புகள். அப்புறம் பிஸ்கட், அப்புறம் ரொட்டி, அப்புறம் மாத்திரை. இரண்டாவது மாத முடிவில் என் உலகத்தில் மிச்சம் இருந்தவை சூப், தயிர், மசித்த வாழைப்பழம். ஏழு கிலோ இறங்கியிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் “டயட்டா? நல்லா இளைச்சிட்டீங்களே” என்றார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வளர்ந்த ஆள் ஒருவர் ரொட்டியை விழுங்கப் பயப்படுகிறார் என்பதை எப்படிச் சொல்வது?

இதே நிலையில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுங்க மறக்கவில்லை. மறக்கவும் முடியாது. எனக்கு இது புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் நகர ஆரம்பித்தது.

விழுங்குவதில் நம் கையில் இருக்கும் வேலை பாதிதான். மெல்வதும், மென்றதை உருண்டையாக்கி நாக்கால் பின்னால் தள்ளுவதும் நாம் செய்வது. தொண்டையின் பின்பகுதியை அது தொட்டவுடன் வேலை மூளைத்தண்டில் இருக்கும் முகுளத்துக்குப் போய்விடுகிறது, அங்கே இதற்கென்றே ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. மேலண்ணத்தின் மென்மையான பகுதி எழும்பி மூக்குப் பக்கத்தை மூடுகிறது. மூச்சு ஒரு கணம் தானாக நிற்கிறது. குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளை மேலேயும் முன்னேயும் எழும்புகிறது, அதன் மூடி மேலே கவிழ்கிறது, உணவுக்குழாயின் வாசலில் எப்போதும் இறுகியிருக்கும் தசை வளையம் தளர்ந்து வழிவிடுகிறது. 30க்கும் மேற்பட்ட தசைகளும், மூளையிலிருந்து வரும் 5 ஜோடி நரம்புகளும் சேர்ந்து செய்யும் இந்தக் காரியம் ஏறக்குறைய ஒரே விநாடியில் முடிந்துவிடும். கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை எச்சில் விழுங்கிப் பாருங்கள், குரல்வளை துள்ளி எழுவது தெரியும். அந்தத் துள்ளல்தான் மூச்சுக்குழாய்க்குக் காவல். அதன்பின் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், உணவை அலை அலையாகப் பிழிந்து 10 விநாடிக்குள் வயிற்றில் சேர்த்துவிடுகிறது. புவியீர்ப்புகூடத் தேவையில்லை. விண்வெளியில் இருப்பவர்களும் சாப்பிடத்தானே செய்கிறார்கள்.

நாள் முழுக்க, தூக்கத்தில்கூட, இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. நான் செய்த தப்பு, அதை உட்கார்ந்து கண்காணிக்க ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று யோசித்துப் பாருங்கள், பாதியில் தடுமாறுவீர்கள். அதேதான் இது.

ஒரு சின்ன சோதனை. தண்ணீர் இல்லாமல், தொடர்ந்து ஐந்து தடவை எச்சில் விழுங்குங்கள். முதல் இரண்டு சுலபம். மூன்றாவது இழுக்கும். நாலாவதில் தொண்டை ஒத்துழைக்காது, ஐந்தாவது வரவே வராது போல இருக்கும். எந்த நோயும் இல்லாத ஆளுக்கும் இப்படித்தான், விழுங்க வாயில் எச்சில் மிச்சமில்லை, அவ்வளவுதான். அந்த மாதங்களில் நான் தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெறும் வாயை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சோதனையிலும் தொண்டை கொஞ்சம் மோசமாகத் தெரியும், உடனே பயம் கூடும், பயம் வந்தால் வாய் இன்னும் உலரும். பதற்றத்தில் அந்த வாசல் தசை வேறு கூடுதலாக இறுகிக்கொள்ளும். ஆக, தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. உணர்வு நிஜம், அதற்கு நான் கொடுத்த அர்த்தம்தான் தப்பு. “எல்லாம் உன் கற்பனை” என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

தொண்டைக்குள் ஏதோ உருண்டை உட்கார்ந்திருக்கிற உணர்வு பலருக்கு வரும், எனக்கும் இருந்தது. குளோபஸ் என்று சொல்கிறார்கள். மிகப் பழைய தொந்தரவு. மருத்துவர்கள் வெகுகாலம் அதற்கு ‘ஹிஸ்டீரியா உருண்டை’ என்று பேர் வைத்திருந்தார்கள், பெண்கள் கிளப்பிவிடும் நாடகம் என்கிற தொனியில். 1968ல்தான் அந்தப் பேர் வேண்டாம், தொண்டையைக் குறிக்கும் பேராக மாற்றுங்கள் என்று மால்கம்சன் என்ற மருத்துவர் எழுதினார். இந்த உருண்டையின் குணம் விசித்திரமானது: சும்மா இருக்கும்போதுதான் உறுத்தும், சாப்பிடும்போது பெரும்பாலும் குறைந்துவிடும். நிஜமான அடைப்பு அதற்கு நேர்மாறு, சாப்பிடும்போதுதான் தன்னைக் காட்டும். நெஞ்செரிச்சலும் இந்த உருண்டையைக் கிளப்பிவிடக்கூடும்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே உங்களுக்குப் பயம்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் டாக்டர். முதலில் கெட்டியான உணவு சிக்கி, போகப்போக மென்மையானதும், பிறகு தண்ணீரும் சிக்குவது, விழுங்கினால் வலி, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், குரல் மாறியிருப்பது, கழுத்தில் கட்டி, ரத்தம், திரும்பத் திரும்ப நெஞ்சில் சளித் தொற்று, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள சில இளவயதுக்காரர்களுக்கு உணவுக்குழாயே வீங்கி உண்மையிலேயே உணவு சிக்கும் நோய் ஒன்று இருக்கிறது, எண்டோஸ்கோபி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு குழப்பம், கீழே நெஞ்சுப் பகுதியில் சிக்கியதும் மேலே கழுத்தில் சிக்கிய மாதிரி தோன்றும். அதனால் இடத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

என்னைப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தார், இரண்டு நிமிஷம்தான், “ஒண்ணுமே இல்லை, போய் நல்லா சாப்பிடுங்க” என்றார். அந்த “ஒண்ணுமே இல்லை” எனக்கு மூன்று நாள் வந்தது. நான்காவது நாள் மனசு கேட்டது: சரியாகப் பார்த்தாரா?

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எதையும் உள்ளே விடவில்லை, கேள்வி கேட்டார். தண்ணீரும் சிக்குகிறதா? பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய் ஏதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்போது சிக்கியதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் போனில் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நல்ல சூடான சண்டை, வைத்துவிட்டுப் பார்த்தால் மேஜைமேல் வேறு யாருக்கோ வைத்திருந்த சாண்ட்விச்சில் பாதியைக் காணோம். தின்றது நான்தான். நினைவு வந்தவுடன் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “தப்பித்தோம்” என்று அந்தச் சம்பவத்தையே மூட்டைகட்டி வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய சாட்சி! அதைப் போய் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இதற்கு ஃபேகோஃபோபியா, விழுங்கும் பயம், என்று பேர். பயம் உணவையே குறைத்து எடையில் கை வைக்கும் அளவுக்குப் போனால் ‘ஆர்ஃபிட்’, அதாவது உணவைத் தவிர்க்கிற, குறைக்கிற கோளாறு, என்ற தலைப்பிலும் வரும், 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்தார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை இதில் கிடையாது. எனக்கு இந்தப் பேர் தெரிந்ததே ஒரு நிம்மதி.

அந்த மருத்துவர் அனுப்பிய சிகிச்சையாளர் முதல் நாள் கேட்டது உணவைப் பற்றியே இல்லை. “பாதுகாப்புக்காக என்னென்ன பண்றீங்க?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். பேசப் பேசப் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். 40 வரை எண்ணி மெல்வது. தனியாக இருந்தால் சாப்பிடவே மாட்டேன். வெளியே போனால் வாசலுக்குப் பக்கத்து நாற்காலி. போனில் அவசர எண்ணை அழுத்தித் தயாராக வைத்துக்கொண்டு சாப்பிடுவது. எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்குவது. தட்டுக்கு வலப்பக்கம் அந்தத் தண்ணீர் டம்ளர் இல்லையென்றால் உட்காரவே மாட்டேன். அதுவும் நிரம்ப இருக்க வேண்டும், முக்கால் இருந்தால் எழுந்துபோய் நிரப்பிவிட்டு வருவேன்.

இவைதான் என்னைக் காப்பாற்றுகின்றன என்று நம்பியிருந்தேன். பயத்துக்குத் தீனி போட்டவையே இவைதான். ஒரு வாய் ரொட்டி நல்லபடியாக உள்ளே போனால் மூளை அந்தப் பெருமையைத் தொண்டைக்குக் கொடுப்பதில்லை, தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஆயிரம் வாய் சாப்பிட்டாலும் தொண்டையின் கணக்கில் பூஜ்யம்தான். இதில் கொடுமை என்னவென்றால், இந்தத் தந்திரங்களில் பாதி, விழுங்குவதை உண்மையிலேயே கஷ்டமாக்குகின்றன. அளவுக்குமீறி மென்றால் உருண்டையாகச் சேர வேண்டியது கூழாகி வாய் முழுக்கப் பரவிவிடும், நாக்கு எதைத் தள்ளும்? பாதி மென்ற கெட்டி உணவோடு தண்ணீரைச் சேர்ப்பது இன்னும் மோசம், நீர் முந்திக்கொண்டு ஓடும், கெட்டி பின்தங்கும். உடல்ரீதியாக விழுங்கும் கோளாறு இருப்பவர்களுக்கு இப்படிக் கலந்து வருவதுதான் கடினம் என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். நானோ வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு வாயையும் அப்படி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

எனவே எனக்கு இரண்டு ஏணி போட்டார்கள். ஒன்று உணவுக்கு. எதைச் சாப்பிட எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். தயிர் 5, மசிக்காத வாழைப்பழம் 25, சூப்பில் நனைத்த ரொட்டி 40, வெறும் ரொட்டி 65, பிஸ்கட் 70, இறைச்சி 85, ஆப்பிள் 95, பெரிய மாத்திரை 100. இரண்டாவது ஏணி தந்திரங்களுக்கு, எதை முதலில் விடுவது, எதைக் கடைசியில் என்று. டம்ளர் கடைசிப் படி. விழுங்கும் கோளாறு உள்ளவர்களுக்காக உணவின் கெட்டித்தன்மையை 0 முதல் 7 வரை பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று. பயத்துக்காகச் செய்ததில்லை அது, ஆனால் அடுத்த படி எது என்று திணறியபோது எங்களுக்கு உதவியது.

விதி ஒன்றுதான்: பயம் போகட்டும், பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. பயத்தோடு சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் நோட்டில் எழுதுவேன், “வெறும் ரொட்டி, அடைக்க வாய்ப்பு 80 சதவீதம்”. சாப்பிட்ட பிறகு நடந்ததை எழுதுவேன். “மூன்றாவது வாயில் நின்றது. துப்பவில்லை. காத்திருந்தேன். போய்விட்டது.” ஒரு பக்கம் முழுக்க 80, 80, 75, 80 என்று என் ஜோசியம், எதிரில் ஒன்றுகூடப் பலிக்காத பலன். மூன்று வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு என் ஜோசியத்தின் மேல் எனக்கே மரியாதை போய்விட்டது.

நான் மிகவும் வெறுத்த பயிற்சி ஒன்று உண்டு, மிகவும் உதவியதும் அதுதான். வேண்டுமென்றே மூன்று தடவை வெறும் எச்சில் விழுங்கி, தொண்டையில் அந்த அடைப்பு உணர்வை நானே வரவழைத்துக்கொண்டு, உடனே ஒரு வாய் ரொட்டி சாப்பிட வேண்டும். முதல் தடவை கை நடுங்கியது. ரொட்டி போய்விட்டது. அடைப்பு உணர்வும் இருக்கிறது, ரொட்டியும் உள்ளே போகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆறாவது வாரம் மறுபடியும் புரையேறியது. தண்ணீரில்! அதுவும் அவசரமாகக் குடித்ததில். இருமித் தள்ளினேன், சரியாகிவிட்டது, ஆனால் அன்று முழுக்க மறுபடி தயிர்தான். அடுத்த சந்திப்பில் தோற்றுப்போன முகத்தோடு உட்கார்ந்தேன். சிகிச்சையாளர் கேட்டார், “இருமினீங்களா?” “ஆமாம்.” “அப்போ காவல்காரன் வேலை செஞ்சிருக்கான்.” இருமல் வருகிறது, பேச்சு வருகிறது என்றால் காற்று போய்வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிஜமான ஆபத்து சத்தமில்லாதது, பேச முடியாது, இரும முடியாது, மூச்சு வராது. அப்போது செய்ய வேண்டியது தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 ஓங்கிய தட்டு, போகவில்லையென்றால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 தள்ளு, மாற்றி மாற்றி, கூடவே ஆம்புலன்ஸுக்கு அழைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் தள்ளக் கூடாது, அதற்கு வேறு முறை. வயிற்றுத் தள்ளலை 1974ல் எழுதியவர் ஹைம்லிக், அவரே 2016ல், 96 வயதில், தான் இருந்த முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு மேஜையில் திணறிய ஒரு பெண்மணிக்கு அதைச் செய்து காப்பாற்றினார். முதலுதவி கற்றுக்கொள்வதும் இன்னொரு தந்திரமாகிவிடாதா என்று கேட்டேன். ஒரு தடவை கற்றுக்கொண்டால் அறிவு, தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தால் தந்திரம் என்றார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தயவுசெய்து வாயையே பார்க்காதீர்கள். “முழுங்கு, ஒண்ணும் ஆகாது” என்பதும் வேண்டாம். எனக்குப் பிடித்த துணை, தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே அலுவலகத்தில் யாரோ செய்த அக்கிரமத்தைப் பற்றிப் புலம்பிய ஆள்தான். ஆனால் பல நாளாக ஒருவர் அனேகமாக எதுவுமே சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது, எடை வேகமாக இறங்குகிறது என்றால் ஏணியெல்லாம் பிறகு, உடனே மருத்துவமனை. வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து, அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

பதற்றம் அதிகமாக இருப்பவர்களுக்குச் சில சமயம் மருந்தும் எழுதுவார்கள். விழுங்கப் பயப்படுகிறவருக்கு மாத்திரை! நல்லவேளை, அதில் சில திரவமாகவும் கிடைக்கின்றன. மாத்திரையைப் பொடித்துக்கொள்வதற்கு முன்னால் மருந்துக் கடையில் கேட்டுவிடுங்கள், மெதுவாகக் கரைய வேண்டியதைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

என் ஏணியில் 100 போட்டிருந்த படி அதுதான், இன்னும் முழுசாக ஏறி முடிக்கவில்லை. கேப்சூல் விழுங்க வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவதுதான் பலருடைய வழக்கம், நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான். கேப்சூல் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும், பின்னால் சாய்ந்தால் அது வாயின் முன்பக்கமே மிதந்துகொண்டிருக்கும். நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்து, தலையை முன்னால் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் தானே வந்துவிடுகிறது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 2014ல் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள், முயன்றவர்களில் 88.6 சதவீதம் பேருக்குச் சுலபமானதாம். தட்டை மாத்திரைக்கு அவர்கள் சொல்வது வேறு, மென்மையான பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, காற்று புகாமல் உறிஞ்சி, அந்த இழுப்பிலேயே விழுங்குவது. சின்ன மாத்திரைக்கு எனக்கு அது கைகொடுத்தது. பெரியதை இன்னும் டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்கிக்கொள்கிறேன், அதைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை.

ஆப்பிள் சாப்பிடுகிறேன், தோலோடு, நறுக்காமல், வீட்டில் யாரும் இல்லாதபோதும். வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அது தந்திரமா என்று கேட்டதற்கு, “இல்லை, அது மேனர்ஸ்” என்றார் சிகிச்சையாளர்.